ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்? பென்சிலும் பேப்பரும் வைத்துப் போட்ட கணக்கு

சிலேட்டுப்பலகை (கோவில்பட்டி) | தொடக்கப் பதிவு

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், போன் சார்ஜரைச் சும்மா பிளக்கில் சொருகி வைக்காமல் கழற்றி வைத்தால் பூமி சூடாவது குறையும் என்கிறார்களே, எவ்வளவு குறையும்?"

நல்ல கேள்வி. "எவ்வளவு" என்று கேட்டாளே, அதுதான் எனக்குப் பிடித்தது. பாடத்தை மூடிவிட்டு எல்லோரும் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

எல்லாவற்றையும் ஒரே அளவில் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும். நமக்குத் தெரிந்த அளவு யூனிட். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 75 வாட் மின்விசிறி 13 மணி நேரம் சுற்றினாலும் அதே 1 யூனிட்தான். பெட்ரோல், கேஸ் எல்லாவற்றிலும் இருக்கும் ஆற்றலையும் யூனிட்டாகவே எழுதலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட். 14.2 கிலோ சிலிண்டரில் 180 யூனிட்.

நாலு பேர் இருக்கும் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொண்டோம். இரண்டு மாத மின்கணக்கு 240 யூனிட். ஒரு நாளைக்கு 4, ஒரு ஆளுக்கு 1. சிலிண்டர் 45 நாள் வரும். 180-ஐ 45-ஆல் வகுத்தால் நாளைக்கு 4, ஒரு ஆளுக்கு 1.

அப்புறம் என் வண்டிக்கு வந்தோம். பள்ளிக்கூடம் போக 15 கிலோமீட்டர், வர 15. வண்டி லிட்டருக்கு 50 கொடுக்கிறது. 30 கிலோமீட்டருக்கு 0.6 லிட்டர், அதாவது 5.4 யூனிட்.

கரும்பலகையில் 1, 1, 5.4 என்று எழுதியதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. வீட்டு விளக்கு, விசிறி, டிவி, பிரிட்ஜ், சமையல் எல்லாம் சேர்ந்து என் பங்குக்கு 2 யூனிட். நான் ஒருத்தி வண்டியில் போய்வருவது அதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

சார்ஜர்? போன் மாட்டாமல் சும்மா சொருகி இருக்கும் இந்தக் கால சார்ஜர் 0.1 வாட் போல இழுக்கும். ஒரு நாளைக்கு 0.0024 யூனிட். நான் ஒரு நாள் பள்ளிக்கூடம் போய்வரும் பெட்ரோல் ஆற்றலில் அந்தச் சார்ஜர் ஆறு ஆண்டுகள் சும்மா சொருகிக் கிடக்கலாம்.

சார்ஜரைக் கழற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கழற்றிவிட்டு நம் கடமை முடிந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. இங்கே துறை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளிடம் திருத்திச் சொல்கிறேன்.

---

அனல்காற்று (தூத்துக்குடி)

டீச்சர், கூட்டல் சரி. ஆனால் ஒரு இடத்தில் சேரக் கூடாததைச் சேர்த்துவிட்டீர்கள். நான் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

பெட்ரோலில் இருக்கும் 9 யூனிட் வெப்பம். பிளக்கில் வரும் 1 யூனிட் மின்சாரம். இரண்டும் ஒன்று இல்லை. நிலக்கரியை எரித்து வரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மின்சாரமாகிறது. மீதியெல்லாம் குளிர்விக்கும் நீரிலும் புகைபோக்கியிலும் போய்விடும். உங்கள் வீட்டுக்கு வரும் ஒரு யூனிட்டுக்கு எங்கள் கொதிகலனில் 3 யூனிட் வெப்பம் எரிந்திருக்கிறது.

கிலோவில் சொன்னால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி. 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று முழு ஓட்டத்தில் ஒரு நாளைக்கு 50 லட்சம் யூனிட் கொடுக்கும். அப்படியானால் 3,500 டன் நிலக்கரி. அதைக் கன்வேயர் பெல்ட்டில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, யாராவது ஆளில்லாத அறையில் ஏசியை ஓடவிட்டால் கண்முன் கரிதான் வந்து விழும்.

---

சிலேட்டுப்பலகை

நன்றி சார், இதைத்தான் எதிர்பார்த்தேன். நிலக்கரி மின்சாரம் என்றே வைத்துத் திருத்துகிறேன். வீட்டு மின்சாரம் 1 × 3 = 3. கேஸ் 1. வண்டி 5.4. மொத்தம் 9.4. வண்டி இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறது, ஆனால் வீட்டு மின்சாரம் நான் காட்டியதைவிடப் பெரிய ஆள்.

---

பாலிடெக்னிக்_பையன் (சேலம்)

அப்போ மின்சார ஸ்கூட்டர் வாங்கியும் பலன் இல்லையா? எங்கேயோ கரி எரிகிறது, நாம் புகையை ஊர் மாற்றுகிறோம், அவ்வளவுதானே? என் அப்பா அப்படித்தான் சொல்கிறார்.

---

அனல்காற்று

தம்பி, அதையும் போட்டுப் பார்த்துவிடலாம். மின்சார ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு 30 வாட்மணி போல எடுக்கும். டீச்சரின் 30 கிலோமீட்டருக்கு 0.9. சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 1 யூனிட் என்று வை. எங்கள் கொதிகலனில் 3 யூனிட் வெப்பம். கம்பியில் போகும் இழப்பையும் சேர்த்தால் மூன்றரை. பெட்ரோலில் 5.4.

கரியமில வாயு கணக்கு இதைவிடத் தெளிவு. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, 0.6 லிட்டருக்கு 1.4 கிலோ. நம் நாட்டு மின்தொடரில் (கிரிட்) எல்லா வகை மின்சாரமும் கலந்து வருவதால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. கம்பி இழப்போடு 0.8 என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டருக்கு 1 யூனிட்தானே, ஆக 1.4 கிலோவுக்கு எதிரே 0.8 கிலோ.

கரி மின்சாரத்திலும் லாபம் இருக்கிறது, ஆனால் புகையே இல்லை என்று விளம்பரம் சொல்வது சரியில்லை. மின்தொடரில் காற்றும் வெயிலும் கூடக் கூட, வாங்கிய அதே வண்டியின் கணக்கு தானாக இறங்கும். பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அப்பாவிடம் இந்த நாலு வரியை எழுதிக் காட்டு.

---

வைகைக்கரை (மதுரை)

டவுன் பஸ்ஸை விட்டுவிட்டீர்களே டீச்சர்.

---

சிலேட்டுப்பலகை

விட்டிருக்கக் கூடாது அக்கா. டீசலில் லிட்டருக்கு 10 யூனிட். பேருந்து லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர், உள்ளே 40 பேர். 10 ÷ 4.5 ÷ 40 = 0.055. அதே 30 கிலோமீட்டருக்கு ஒரு ஆளுக்கு 1.7 யூனிட். என் வண்டியின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனைக்கும் அது பழைய டீசல் பேருந்து! 2021-இல் பெண்களுக்கு டவுன் பஸ் கட்டணம் இல்லை என்று வந்தபோது நான் வெறும் காசுக் கணக்காகத்தான் பார்த்தேன். இதை எழுதியபிறகு, வாரத்தில் இரண்டு நாளாவது பேருந்தில் போவது என்று நேரத்தை மாற்றி வைத்திருக்கிறேன்.

விமானத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்வர 5,800 கிலோமீட்டர். ஒரு பயணிக்கு 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் என்றால் 174 லிட்டர், ஏறக்குறைய 1,700 யூனிட். ஆண்டுக்கு ஒரு தடவை போய்வந்தால், 365 நாளுக்குப் பங்கிட்டாலும் தினம் 4.6 யூனிட்.

---

கொங்குத்தென்னை (பொள்ளாச்சி)

நான் மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் கிடைத்தது.

போடுவதற்கு முன் வந்த ஒரு நிறுவனத்து ஆள், தினம் 20 யூனிட் உறுதி என்றார். எனக்குக் கணக்குத் தெரியாது, தலையாட்டினேன். இன்னொருவரிடம் கேட்டபோதுதான் அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார்: 1 கிலோவாட் பலகை நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளைக்கு 4 யூனிட், மிக நல்ல நாளில் 5. மூன்றால் பெருக்கினால் 12, மிஞ்சினால் 15. இருபது எப்படி வரும்? முதல் ஆளை அனுப்பிவிட்டு இவரிடமே போட்டேன்.

தினமும் சாயங்காலம் இன்வெர்ட்டர் திரையைப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். மார்ச், ஏப்ரலில் 13, 14 வருகிறது. ஐப்பசி அடைமழையில் 5-க்கு இறங்கிய நாட்கள் உண்டு. வருடச் சராசரி பதினொன்றரை.

ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்குப் பக்கம் ஒரு தென்னை. மூன்று மணிக்கு மேல் அதன் ஒரே ஒரு மட்டையின் நிழல் இரண்டு பலகையின் குறுக்கே கோடு மாதிரி விழும். கோடுதானே என்று நினைத்தேன். ஆனால் அந்த வரிசை முழுவதும் தொய்ந்துவிட்டது, ஏனென்றால் பலகைகள் சங்கிலி மாதிரி தொடுத்திருக்கின்றன. மட்டையை வெட்டிய மறுநாள் முக்கால் யூனிட் கூடியது. மாதம் இரண்டு தடவை காலையில் வெயில் ஏறுமுன் தண்ணீர் விட்டுத் துடைத்தால் அதற்கும் பலன் தெரிகிறது.

---

கரிசல் (விளாத்திகுளம் பக்கம்)

எல்லோரும் வீட்டுக் கணக்கே பேசுகிறீர்கள். பம்புசெட் கணக்கைப் போட்டுத் தாருங்கள் டீச்சர். எங்கள் தாத்தா காலத்தில் கிணற்றில் 40 அடியில் தண்ணீர். இப்போது 600 அடி போர். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் பில் வருவதில்லை. ஆனால் எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

---

சிலேட்டுப்பலகை

அண்ணே, உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரு அழகான எண் இருக்கிறது. 367.

1000 லிட்டர் தண்ணீரை, அதாவது மாடியில் வைக்கிற ஒரு சின்டெக்ஸ் தொட்டி நிறைய, நேராக 367 மீட்டர் உயரம் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் சரியாக 1 யூனிட். நிறை × 9.8 × உயரம் என்று பத்தாம் வகுப்பில் படித்ததுதான். இந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்தக் கணக்கையும் விரல்விட்டுப் போட்டுவிடலாம்.

40 அடி என்பது 12 மீட்டர். 12 ÷ 367 = 0.033 யூனிட். மோட்டாரும் பம்பும் குழாயும் பாதிக்கும் மேல் தின்றுவிடும், எனவே 0.08 என்று வைப்போம். 600 அடி என்பது 183 மீட்டர். 183 ÷ 367, சரியாக அரை யூனிட். அதே இழப்போடு 1.2.

ஒரு ஏக்கர் நிலக்கடலைக்கு மழை போக 500 மில்லிமீட்டர் பாய்ச்ச வேண்டும் என்றால் ஏறக்குறைய 2,000 தொட்டித் தண்ணீர். தாத்தா கிணற்றில் 160 யூனிட். உங்கள் போரில் 2,400 யூனிட். நான் மேலே சொன்ன நாலு பேர் வீடு இருபது மாதம் ஓடும்.

---

கரிசல்

2,400-ஐப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எழுதத் தோன்றவில்லை. எங்கள் ஊர்க் கண்மாயில் தூர் வாரி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கண்மாய் நிறைந்தால் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் மேலே வரும், அது எல்லோருக்கும் தெரியும். நீர்மட்டம் 100 அடி ஏறினால் ஏக்கருக்கு 400 யூனிட் மிச்சம் என்பது இப்போதுதான் தெரிகிறது. கண்மாய் தூர்வாருவதும் மின்சார வேலைதான் என்று அடுத்த கிராமசபையில் பேசப்போகிறேன். சொட்டுநீர் பற்றியும் பேசுவேன்.

---

பாலிடெக்னிக்_பையன்

தமிழ்நாடு முழுவதையும் சோலாரில் ஓட்ட முடியுமா? அதையும் போடுங்களேன்.

---

சிலேட்டுப்பலகை

போட்டேன் தம்பி, இரண்டு நாள் ஆனது.

2024 கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த நாட்களில் ஒரு நாள் பயன்பாடு 45 கோடி யூனிட் வரை போனது. தொழிற்சாலை, விவசாயம் எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 6 யூனிட் போல.

1 மெகாவாட் சோலார் நாளைக்கு 4,500 யூனிட் தரும் என்று வைத்தால், 45 கோடிக்கு 1 லட்சம் மெகாவாட் வேண்டும். 2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் வந்த நிலையம் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். ஒரு மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர். அந்தக் கணக்கில் 4 லட்சம் ஏக்கர், அதாவது 1,600 சதுர கிலோமீட்டர். மாநிலப் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர். நூற்றுக்கு ஒன்றே கால். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ராமநாதபுரம் மாவட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு!

வீட்டுக் கூரைகளில்? 1 கோடி வீட்டில் வீட்டுக்கு 2 கிலோவாட் என்றால் 20,000 மெகாவாட், நாளைக்கு 8 கோடி யூனிட். ஆறில் ஒரு பங்கு. கூடங்குளத்தின் இரண்டு அணு உலைகளும் முழு வேகத்தில் ஓடினால் நாளைக்கு 4.8 கோடி, அதிலும் ஒரு பகுதி பக்கத்து மாநிலங்களுக்குப் போகிறது. ஆக, கூரைகளை அலட்சியமாக நினைக்க முடியாது. கூரைகள் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது.

---

முதுகுளத்தான்

ஐந்தில் இரண்டு பங்கு ராமநாதபுரம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பதிவேட்டில் "தரிசு" என்று இருக்கும் நிலம் சும்மா கிடப்பதில்லை. மழை பெய்து பத்து நாளில் புல் வரும். கீதாரிகள் நூற்றுக்கணக்கில் ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்து கிடை போடுவார்கள். கிடை போட்ட நிலத்தில் அடுத்த வருடம் மிளகாய் நன்றாக வரும். வேலி போட்டுவிட்டால் அந்தப் பாதை அடைபட்டுவிடும். ஏக்கரை மட்டும் எண்ணினால் இது கணக்கில் வராது.

---

சிலேட்டுப்பலகை

நியாயம் அண்ணே. என் வகுப்பிலேயே கிடை போடும் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், நான் யோசித்திருக்க வேண்டும். அந்த ஒன்றே கால் சதவீதத்தை எங்கே எடுக்கிறோம், யாரைக் கேட்டு எடுக்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். கூரைகளையும், நிழல் விரும்பும் பயிருக்கு மேலே உயர்த்திப் பலகை போடுவதையும் முதலில் எண்ணிவிட்டு, மிச்சத்துக்குத்தான் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

---

ஆரல்காற்று (ஆரல்வாய்மொழி)

காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். முப்பந்தல் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், சித்திரை முடிந்து தென்மேற்குக் காற்று கணவாய் வழியே இறங்கினால் வண்டியில் நேராக உட்கார முடியாது.

காற்றில் ஒரே ஒரு கணக்குதான் முக்கியம்: வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. 2 × 2 × 2. நொடிக்கு 4 மீட்டர் காற்றுக்கும் 8 மீட்டர் காற்றுக்கும் அவ்வளவு வித்தியாசம். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் காற்றாலைகள் ஏன் குவிந்திருக்கின்றன என்பதற்கு இதுதான் பதில்.

மாநிலத்தில் காற்றாலை 10,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. ஆடிக்காற்று உச்சத்தில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டைத் தாண்டிய நாட்கள் உண்டு. ஆனால் கார்த்திகை, மார்கழியில் அதில் சிறு பங்குதான் வரும். கொங்குத்தென்னை சொன்ன அடைமழையும் ஏறக்குறைய அப்போதுதான், வெயிலும் இருக்காது. வருடச் சராசரியை மட்டும் பார்க்கிறவர்கள் இந்த மூன்று மாதத்தை மறந்துவிடுகிறார்கள்.

---

அனல்காற்று

வருடத்தை விடுங்கள், முதலில் ராத்திரியைப் பார்ப்போம். டீச்சரின் 367-ஐ எடுத்துக்கொண்டேன்.

45 கோடியில் பாதி, 22.5 கோடி யூனிட், வெயில் இல்லாத நேரத்துக்கு என்று வைப்போம். அதைத் தண்ணீரில் சேமித்தால்? 22.5 கோடி டன் தண்ணீரைப் பகலில் 367 மீட்டர் மேலே ஏற்றி ராத்திரி இறக்க வேண்டும். டிஎம்சியில் சொன்னால் 8. மேட்டூர் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு தண்ணீர், தினமும், ஒரு மலை உயரம் ஏறி இறங்க வேண்டும்.

இது கற்பனை இல்லை. 1980-களின் கடைசியிலேயே காடம்பாறையில் கட்டியிருக்கிறார்கள். 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறார்கள். ஆறு மணி நேரம் முழுதாக ஓடினால் 24 லட்சம் யூனிட். 22.5 கோடிக்கு இப்படித் தொண்ணூற்று நாலு வேண்டும். அத்தனை மலை இடுக்கும் நம்மிடம் இல்லை, இருந்தாலும் காட்டை அப்படி வெட்ட மனம் வராது. அதனால்தான் காற்று, பேட்டரி, காடம்பாறை போன்றவை, கொஞ்ச காலத்துக்குக் கரி என்று எல்லாம் கலந்துதான் போக வேண்டியிருக்கிறது. ராத்திரி வேலைகளில் எதைப் பகலுக்கு மாற்றலாம் என்பதும் சேர்ந்ததுதான். பம்புசெட்டைப் பகல் வெயிலில் ஓட்டினால் அந்தத் தண்ணீரே சேமிப்பு.

---

வைகைக்கரை

டீச்சர், பெரிய கணக்கெல்லாம் படித்தேன். எனக்குச் சின்னதாக ஒரு சந்தேகம். எங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டுகிறது. பக்கத்தில் 3200 என்று போட்டிருக்கிறது. அது என்ன?

---

சிலேட்டுப்பலகை

அக்கா, அதுதான் நம் வீட்டுக் கணக்கு வாத்தியார். 3200 தடவை சிமிட்டினால் 1 யூனிட் என்று அர்த்தம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி, 60-ஆல் பெருக்கி, 3200-ஆல் வகுத்தால் அந்த நேரத்தில் எத்தனை கிலோவாட் ஓடுகிறது என்று வந்துவிடும். ஒரு பழைய விசிறி மட்டும் ஓடினால் நிமிடத்துக்கு 4. இஸ்திரிப் பெட்டி போட்டால் 53. ராத்திரி பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள்.

---

வைகைக்கரை

பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் அணைத்தேன். பையன் டார்ச் பிடிக்க, பத்து நிமிடம் எண்ணினோம். 50. நிமிடத்துக்கு ஐந்து. நீங்கள் சொன்னபடி போட்டால் 94 வாட். ஒன்றுமே ஓடவில்லையே, இது யார் தின்பது?

---

சிலேட்டுப்பலகை

டிவி பெட்டி, வைஃபை, இன்வெர்ட்டர். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி எண்ணுங்கள்.

---

வைகைக்கரை

டிவி பெட்டியைக் கழற்றினேன், கொஞ்சம்தான் குறைந்தது. திரும்ப மாட்டிவிட்டு இன்வெர்ட்டரைக் கழற்றினேன். பத்து நிமிடத்தில் 15. நிமிடத்துக்கு ஒன்றரை!

பேட்டரி வாங்கி ஏழு வருடம் ஆகிறது. மின்வெட்டே அதிகம் இல்லாத ஊரில் ராப்பகலாக 66 வாட் குடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு 1.6, இரண்டு மாதத்துக்கு 95 யூனிட். அரசு கொடுக்கும் இலவச 100 யூனிட்டில் ஐந்துதான் மிச்சம்.

காலையில் பேட்டரிக் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கிறோம். பையன் இப்போது எதிர்வீட்டு மீட்டர் முன்னால் நோட்டோடு நிற்கிறான்.